பைத்தானிலிருந்து சி மொழிக்கு: 60 * 1000 ஏன் 60000 ஆகவில்லை?

கிணற்றுமேடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

ஆறு ஆண்டுகளாக நான் பைத்தானில் மட்டுமே நிரல் எழுதி வருகிறேன். அலுவலகக் கணக்கு அறிக்கைகளைத் திரட்டவும் எக்செல் கோப்புகளைப் பிரித்து அடுக்கவும் அதுவே போதுமானதாக இருந்ததால், ஒரு மாறியில் வைக்கும் எண் எத்தனை பைட் இடம் பிடிக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்க நேர்ந்ததில்லை. இப்போது எங்கள் தோப்புக் கிணற்று மோட்டாருக்காக ஒரு சிறு கருவி செய்ய விரும்பி, ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்னும் சிறு நுண்கட்டுப்படுத்தி அட்டை ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதற்கான நிரலைச் சி, சி++ வழியில்தான் எழுத வேண்டும் என்பதால், ஒரு மாதமாக அதைப் படித்து வருகிறேன்.

கருவி செய்ய வேண்டிய வேலை எளியது. மும்முனை மின்சாரம் போய்த் திரும்பி வந்த உடனேயே மோட்டார் ஓடத் தொடங்கக் கூடாது. மின்னழுத்தம் நிலைப்படும் வரை ஒரு நிமிடம் பொறுத்திருந்து, அதன் பிறகே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக ஸ்டார்ட்டருக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். அட்டை தனி பேட்டரியில் ஓடுவதால், மின்சாரம் போனாலும் அது அணைவதில்லை. மின்சாரம் வந்த நொடியில் மில்லிஸ் ஃபங்ஷன் தரும் எண்ணை, அதாவது அட்டை ஓடத் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லி நொடிகளை, ‘தொடக்கம்’ என்னும் அன்சைன்டு லாங் (எதிர்மறைக் குறி இல்லாத பெரிய முழு எண்) வகை மாறியில் வைத்துக்கொண்டு, பின்வரும் நிபந்தனையைத் தொடர்ந்து சோதிக்கிறேன். (நிரலில் உள்ள பெயர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.)

மில்லிஸ்() - தொடக்கம் >= 60 * 1000

சோதனைக்காக முதலில் 60 இருக்கும் இடத்தில் 10 என்றும், பிறகு 30 என்றும் போட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் சரியான நேரத்தில் ரிலே ‘டக்’ என்று விழுந்தது. 60 என்று மாற்றிய பிறகு அது விழவே இல்லை. அரை மணி நேரம் அருகிலேயே உட்கார்ந்து பார்த்தேன், அசைவில்லை. ரிலேயில்தான் பழுது என்று எண்ணி வேறொன்றை வாங்கி மாற்றினேன், கம்பிகளையும் மாற்றினேன். ஒன்றும் நடக்காமல் போகவே, 60 * 1000 என்பதன் விடையை மட்டும் தனியாக அச்சிட்டுப் பார்த்தேன். -5536 என்று வந்தது. அதே வரியை என் மடிக்கணினியில் சி மொழியில் ஓட்டினால் 60000 என்றே வருகிறது.

இது தரவு வகைகளோடு தொடர்புடையது என்று ஊகிக்க முடிகிறதே தவிர, முழுமையாகப் புரியவில்லை. பாடநூல்களில் சார், ஷார்ட், இன்ட், லாங், ஃப்ளோட், டபுள் என்று ஒரு பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் அளவும் இருக்கின்றன. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதுதான் வழியா? பைத்தானில் பழகிய ஒருவர் தரவு வகைகளை எந்த வரிசையில், எப்படி யோசித்துக் கற்க வேண்டும்? விரிவாகச் சொல்பவர்களுக்கு நன்றியுடையவனாக இருப்பேன்.

உட்பொதி நிரலர்

வணக்கம் நண்பரே. அந்த -5536 என்ற எண்ணை அச்சிட்டுப் பார்த்தபோதே பாதி விடையை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். கம்பியைச் சந்தேகித்து வாரக்கணக்கில் அலைந்தவர்களை நான் அறிவேன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

பைத்தானில் ஓர் எண் தன் வகையைத் தானே சுமந்துகொண்டு இருக்கிறது. மாறி என்பது அதன்மேல் ஒட்டப்படும் பெயர்ச்சீட்டு மட்டுமே. எண் பெரிதாகப் பெரிதாக அதற்கு வேண்டிய இடத்தைப் பைத்தான் கூட்டிக்கொடுத்துக்கொண்டே போகும். 2-இன் 1000-ஆம் அடுக்கைக் கேட்டாலும் ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் தரும். ஆனால் அந்த வசதிக்கு இடம் செலவாகிறது. 64 பிட் கணினியில் ஓடும் வழக்கமான பைத்தானில், 1 என்ற எண்ணை வைத்துக்கொள்ளவே 28 பைட் தேவைப்படுகிறது. உங்கள் ஊனோ அட்டையின் தற்காலிக நினைவகம் மொத்தமே 2048 பைட். பைத்தான் முறையில் 73 எண்களை வைத்தால் அது நிறைந்துவிடும். சி மொழி ஏன் கறாராக நடந்துகொள்கிறது என்பதற்கான காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

சி மொழியில் வகை என்பது எண்ணுக்கு உரியதன்று, பெட்டிக்கு உரியது. உழக்கும் படியும் மரக்காலும் முன்பே செய்து வைக்கப்பட்டிருப்பதைப் போல, எந்த மாறிக்கு எவ்வளவு இடம் என்பது நிரல் ஓடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஊனோவில் இன்ட் என்பது 2 பைட், அதாவது 16 பிட். அதில் -32768 முதல் 32767 வரையிலான எண்கள் மட்டுமே அடங்கும். 30 * 1000 என்பது 30000 ஆகையால் அடங்கியது. 32-ஐப் போட்டிருந்தாலும் அடங்கியிருக்கும்; 33-ஐப் போட்டிருந்தால் அப்போதே உடைந்திருக்கும். 60000 என்ற எண் அந்தப் பெட்டியில் அடங்காததால், 16 பிட்டுகளின் சுற்றளவான 65536 கழிந்து -5536 என்று நின்றது. (சி மொழியின் தரநிலைப்படி, குறியுள்ள எண் இப்படி வழிந்தால் விளைவு என்னவென்று வரையறுக்கப்படவே இல்லை, இந்த அட்டையில் இப்படி நிகழ்ந்தது என்பதற்காக எல்லா இடத்திலும் இப்படியே நிகழும் என்று நம்பி நிரல் எழுதிவிடாதீர்கள்.)

இனி, ரிலே ஏன் விழவில்லை என்பதைப் பார்ப்போம். -5536 என்பது எந்தக் காலக்கணக்கைவிடவும் சிறியது. அப்படியானால் நிபந்தனை உடனே நிறைவேறி, ரிலே முதல் நொடியிலேயே விழுந்திருக்க வேண்டுமல்லவா? அங்கேதான் இரண்டாவது சிக்கல் இருக்கிறது. இடப்பக்கத்தில் இருப்பது 32 பிட் அன்சைன்டு லாங். வலப்பக்கத்தில் இருப்பது குறியுள்ள இன்ட். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் ஒரே வகைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால், கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) -5536-ஐ அன்சைன்டு லாங்காக மாற்றுகிறது. குறியற்ற வகையில் எதிர்மறை எண்ணுக்கு இடமில்லை; அது 4294961760 என்று ஆகிவிடுகிறது. அத்தனை மில்லி நொடி என்பது ஏறத்தாழ 49 நாள் 17 மணி நேரம். உங்கள் ரிலே பழுதாகவில்லை, அத்தனை நாள் காத்திருக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தது.

பைத்தானிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘விடையை வைக்கும் மாறியை லாங் என்று அறிவித்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று நினைப்பார்கள். ஆகாது. ஒரு கணக்கு எந்த வகையில் நடக்கும் என்பதை, விடை போய்ச் சேரும் பெட்டி முடிவு செய்வதில்லை. கணக்கில் பங்கேற்கும் எண்களே முடிவு செய்கின்றன. 60-உம் இன்ட், 1000-உம் இன்ட் என்றால் பெருக்கல் இன்ட்டிலேயே நடந்து, அங்கேயே கெட்டு, கெட்ட விடைதான் பெரிய பெட்டிக்குள் போய் அமரும். இந்த ஒன்று மனத்தில் ஊன்றிவிட்டால், தரவு வகைகளில் பாதிப் பாடம் முடிந்ததாகவே நான் கருதுவேன். உங்களுக்கான தீர்வும் அதிலிருந்தே வருகிறது: 60-ஐ ஒட்டி, இடைவெளி விடாமல், யூ, எல் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 60யூஎல் * 1000 என்று எழுதுங்கள். அந்த 60 அப்போது அன்சைன்டு லாங் ஆகிவிடும். பெருக்கலும் அதே வகையில் நடக்கும்.

மடிக்கணினியில் 60000 வந்ததற்குக் காரணம், அங்கே இன்ட் 4 பைட் என்பதுதான். இன்ட் குறைந்தது 16 பிட், லாங் குறைந்தது 32 பிட் என்ற அளவில்தான் தரநிலை பேசுகிறது. சரியான அளவை அந்தந்த இயந்திரமும் கம்பைலரும் முடிவு செய்கின்றன. லாங் என்பது ஊனோவில் 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் மீண்டும் 4 பைட். ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்வதால் பயனில்லை, ஏனெனில் எந்த இயந்திரத்தின் பட்டியல் என்று நூல்கள் பல வேளைகளில் சொல்வதே இல்லை. 1999-ஆம் ஆண்டின் தரநிலையில், அளவைப் பெயரிலேயே சொல்லும் வகைகள் சேர்க்கப்பட்டன: இன்ட்16_டி, யூஇன்ட்8_டி, யூஇன்ட்32_டி போன்றவை. யூஇன்ட்32_டி எங்கே ஓடினாலும் 32 பிட்தான். புதிதாக வருபவர்கள் தொடக்கத்திலிருந்தே இவற்றைப் பயன்படுத்துவது நல்லது என்பது என் கருத்து.

மாறி ஒன்றை அறிவிக்கும் முன், இந்த நிரல் ஓடும் காலம் முழுவதிலும் அது தாங்க வேண்டிய மிகப் பெரிய மதிப்பு எது, அது என்றாவது சுழிக்குக் கீழே இறங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய அணியாக (ஒரே வகை மதிப்புகளின் வரிசையாக) இருந்தால், அதைப்போல எத்தனை வைக்கப்போகிறீர்கள் என்பதையும் கேட்க வேண்டும். பைத்தானில் இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. இங்கே அவைதான் வேலையின் பெரும்பகுதி.

கிணற்றுமேடு

மிக்க நன்றி ஐயா. 60யூஎல் என்று மாற்றினேன்; சரியாக ஒரு நிமிடத்தில் ரிலே விழுந்தது. பங்கேற்கும் எண்களே வகையை முடிவு செய்கின்றன என்ற உங்கள் வரி, இன்னொரு சிக்கலையும் நானே அவிழ்க்க உதவியது.

கிணற்றின் நீர்மட்டத்தை அறிய ஒரு சென்சார் வைத்திருக்கிறேன். அட்டை அதை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகப் படிக்கிறது. அதை வோல்ட்டாக மாற்ற, அளவீடு * (5 / 1023) என்று எழுதி, விடையை ஃப்ளோட் மாறியில் வைத்திருந்தேன். எப்போதும் 0 என்றே வந்துகொண்டிருந்தது. 5-உம் 1023-உம் முழு எண்கள் என்பதால் வகுத்தலும் முழு எண்ணிலேயே நடந்து, பின்னம் வெட்டப்பட்டு, 0 ஆகிவிடுகிறது என்பது இப்போது விளங்குகிறது. பைத்தானில் 5 / 1023 என்றால் தசம எண்ணே வரும் என்பதால், இது என் கண்ணில் படவே இல்லை.

அப்படியானால் நேரம், அளவீடு, சராசரி எல்லாவற்றையும் ஃப்ளோட்டாகவே வைத்துக்கொண்டால் வழிதலும் இல்லை, வகுத்தல் சிக்கலும் இல்லை என்று ஆகிவிடாதா?

ஊனோ பயனர்

அப்படிச் செய்ய வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன், ஏனென்றால் ஃப்ளோட்டில் வரும் பிழை முழு எண்ணில் வரும் பிழையைவிட அமைதியானது. -5536 என்று வந்தால் ஏதோ தவறு என்று பார்த்தவுடன் தெரிகிறது. ஃப்ளோட் தவறும்போது விடை ஏறத்தாழச் சரியாகவே தோன்றும்.

ஃப்ளோட் என்பது 32 பிட். அதில் எண்ணின் இலக்கங்களைத் தாங்குவதற்கு 24 பிட் அளவுக்கே துல்லியம் உண்டு. மீதி பிட்டுகள் கூட்டல்-கழித்தல் குறிக்கும் அடுக்குக்கும் போய்விடுகின்றன. அதனால் 16777216 வரையிலான முழு எண்களை மட்டுமே அது ஒன்றுவிடாமல் தாங்கும். 16777216-உடன் 1-ஐக் கூட்டினால் ஃப்ளோட்டில் 16777216 என்றே நிற்கும். இதை உங்கள் கருவியில் வைத்துப் பாருங்கள். மில்லி நொடிக் கணக்கில் அந்த எண் ஏறத்தாழ 4 மணி 39 நிமிடம். அதைத் தாண்டியதும் உங்கள் கடிகாரம் ஒற்றைப்படை மில்லி நொடிகளை இழக்கும். நாள்கள் கூடக்கூட இழப்பும் கூடிக்கொண்டே போகும். நேரத்தை முழு எண்ணில்தான் வைக்க வேண்டும். பைத்தானின் ஃப்ளோட் இந்தச் சிக்கலைக் காட்டாததற்குக் காரணம், பெயர் ஒன்றாக இருந்தாலும் அது 64 பிட் கொண்டது. சி மொழியில் டபுள் என்று சொல்கிறோமே, அதுதான் அங்கே ஃப்ளோட் என்று அழைக்கப்படுகிறது. ஊனோவில் டபுள் என்று எழுதித் தப்பிக்கவும் முடியாது. இந்த அட்டையில் டபுளும் 4 பைட்தான்.

மேலும், இந்த நுண்கட்டுப்படுத்தியில் தசமக் கணக்குக்கென்று தனி வன்பொருள் கிடையாது; ஒவ்வொரு பெருக்கலையும் மென்பொருளே சிறு சிறு படிகளாகச் செய்து முடிக்க வேண்டும். வோல்ட்டுக்கு மாற்ற நீங்கள் விரும்பினால், அளவீடு * 5.0 / 1023 என்று எழுதலாம். மில்லி வோல்ட்டே போதும் என்றால், அளவீடு * 5000எல் / 1023 என்று எழுதி முழு எண்ணிலேயே முடித்துவிடலாம். அந்த ‘எல்’ எழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே இப்போது சொல்லிவிடுவீர்கள்: அளவீடு 7-ஐத் தொட்டாலே 35000 ஆகி வழிந்துவிடும். பெருக்கலை முதலில் செய்து, வகுத்தலைக் கடைசியில் வையுங்கள்.

சராசரியைக் குறிப்பிட்டீர்கள். அளவீடுகளைக் கூட்டி வைக்கும் மாறியை இன்ட் என்று அறிவித்தால், 1023 என்ற உச்ச மதிப்பில் 32 அளவீடுகள் வரை தாங்கும் (32736). 33-ஆவது அளவீட்டில் வழியும். அன்சைன்டு இன்ட் என்றால் 64 அளவீடுகளுக்கு 65472 ஆகி, 65535 என்ற எல்லைக்குள் மயிரிழையில் அடங்கும், 65-இல் உடையும். கிணற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும் மாதங்களில் சிறிய அளவீடுகளே வருவதால் எல்லாம் சரியாக ஓடும். மழை பெய்து கிணறு நிரம்பும்போதுதான் கணக்குத் தவறும். இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். யூஇன்ட்32_டி வைத்துவிட்டால் கவலை இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அட்டை பேட்டரியில் ஓயாமல் ஓடுகிறது என்றீர்கள். மில்லிஸ் தரும் எண் 4294967295-ஐ எட்டியதும், அதாவது ஏறத்தாழ 49.7 நாளில், மீண்டும் 0-விலிருந்து தொடங்கும். நல்வாய்ப்பாக, ‘மில்லிஸ்() - தொடக்கம்’ என்று கழித்தலாகவே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே வைத்திருங்கள். குறியற்ற எண்களில் வழிதல் தரநிலையால் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதால், தொடக்கம் 4294950000 ஆகவும், எண் சுற்றி வந்தபின் மில்லிஸ் 42704 ஆகவும் இருக்கும்போது, கழித்தல் பிசகின்றி 60000 என்றே தரும். இதையே ‘மில்லிஸ்() >= தொடக்கம் + 60000’ என்று கூட்டலாக எழுதியிருந்தால், வலப்பக்கம் வழிந்து 42704 ஆகி, நிபந்தனை அந்த நொடியிலேயே நிறைவேறி, ஒரு நிமிடக் காத்திருப்பே இல்லாமல் மோட்டார் ஓடத் தொடங்கியிருக்கும்.

கணினி ஆசிரியர்

இங்கே எழுதப்பட்ட விளக்கங்கள் நன்றாக இருக்கின்றன. ஆயினும், அளவைப் பெயரில் சொல்லும் வகைகளையே தொடக்கத்திலிருந்து பயன்படுத்த வேண்டும் என்ற கருத்தோடு எனக்குச் சிறிய வேறுபாடு உண்டு. வகுப்பில் பல ஆண்டுகளாக நான் பார்ப்பது இது: மிகச் சிறிய பெட்டியைத் தேர்ந்தெடுப்பதே கெட்டிக்காரத்தனம் என்று மாணவர்கள் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். 0 முதல் 255 வரை சுற்ற வேண்டிய ஒரு மடக்குக்கு (திரும்பத் திரும்ப நடக்கும் நிரற்பகுதிக்கு) யூஇன்ட்8_டி எண்ணியை வைத்து, ‘256-ஐவிடச் சிறியதாக இருக்கும் வரை’ என்று நிபந்தனை எழுதுவார்கள். அந்த எண்ணி 255-க்குப் பிறகு 0 ஆகிவிடுமே தவிர, 256-ஐ ஒருபோதும் தொடாது. மடக்கு முடிவதே இல்லை. 9-இலிருந்து கீழ்நோக்கி எண்ணும்போது ‘0-வுக்குக் குறையாத வரை’ என்று குறியற்ற வகையில் எழுதினாலும் அதே கதிதான். ஆகவே சாதாரண எண்ணிகளுக்கு இன்ட்டையே வைத்துப் பழகி, நேரம், கூட்டுத்தொகை, கோப்பு, வெளியே அனுப்பும் தரவு ஆகிய இடங்களில் மட்டும் அளவுள்ள வகைகளுக்குப் போவது தொடக்கநிலையில் பாதுகாப்பானது என்பேன்.

இவ்வகைகள் ஏன் வந்தன என்று தெரிந்துகொள்வதும் கற்க உதவும். சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் தரவு வகைகளே கிடையாது. இயந்திரத்தின் ஒரு ‘சொல்’ எவ்வளவு நீளமோ, அதுவே எல்லாவற்றுக்கும் அளவு. சி மொழி பிறந்த பெல் ஆய்வகத்துக்குப் பிடிபி-11 என்னும் கணினி வந்தபோது, அதில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி இருந்தது. எழுத்துக்கு ஒரு பைட்டும் முழு எண்ணுக்கு இரண்டு பைட்டும் என்று பிரித்துக் கையாள வேண்டிய தேவை எழுந்தது. அந்தத் தேவையிலிருந்துதான் 1970-களின் தொடக்கத்தில், சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி சார், இன்ட் ஆகிய வகைகளைச் சேர்த்தார். வகை என்பது இலக்கண விதியாகப் பிறக்கவில்லை. நினைவகத்தில் எத்தனை பைட்டை எடுப்பது, எடுத்ததை எப்படிப் பொருள்கொள்வது என்ற கேள்விக்கான விடையாகப் பிறந்தது.

இதை நான் மாணவர்களுக்குக் காட்டுவது ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொண்டுதான். கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து: த, மி, ழ். பைத்தானில் அதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும், ஏனெனில் யூனிகோடில் இகர அடையாளமும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். அதே சொல்லை, யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, சி மொழியில் நீளத்தைக் கேட்டால் 15 என்று வரும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கிறது. அதைச் சார் அணியில் வைக்க 16 இடம் வேண்டும், சரத்தின் முடிவைக் காட்டும் சுழி பைட்டுக்கும் சேர்த்து. மூன்று, ஐந்து, பதினைந்து, பதினாறு ஆகிய நான்கு விடைகளும் சரியே; கேள்விகள்தான் வேறு வேறு. சார் என்ற பெயரைப் பார்த்து அது எழுத்து என்று நம்பிய மாணவர்கள், இதைப் பார்த்த பிறகு அதைப் பைட் என்றே படிக்கத் தொடங்குகிறார்கள்.

வகைகளில் கண்டிப்பான மொழியைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லைகள் தீர்ந்துவிடுமா என்று சிலர் கேட்பார்கள். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ஏரியன் 5 ராக்கெட், கிளம்பிய 40 நொடிகளுக்குள் சிதறியது. அதன் வழிகாட்டும் மென்பொருள், வகைகளில் மிகவும் கண்டிப்பான ஏடா மொழியில் எழுதப்பட்டது. 64 பிட் தசம எண்ணாக இருந்த ஒரு மதிப்பை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது அடங்கவில்லை. அந்தப் பிழையைக் கையாளும் ஏற்பாடும் அந்த இடத்தில் இல்லை. அந்த நிரற்பகுதி ஏரியன் 4-இலிருந்து எடுத்து ஆளப்பட்டது. அந்த ராக்கெட்டின் பயணப் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாகும் வாய்ப்பே இல்லை. மிகப் பெரிய மதிப்பு எது என்ற கேள்விக்கு ஒருமுறை விடை எழுதி வைத்தால் போதாது. நிரல் இடம் மாறும்போதெல்லாம் அதை மீண்டும் கேட்க வேண்டும். மடிக்கணினியில் ஓடிய உங்கள் வரி ஊனோவில் உடைந்ததும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. 60 * 1000 வழிகிறது என்பதைக் கம்பைலர் உங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருக்கும், ஆனால் ஆர்டுயினோ மென்பொருளில் எச்சரிக்கைகள் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அமைப்புகளுக்குள் சென்று, கம்பைலர் எச்சரிக்கைகளை முழு அளவுக்கு மாற்றுங்கள். அதன் பிறகு வரும் ஒவ்வோர் எச்சரிக்கையையும் பொறுமையாகப் படியுங்கள். புதிதாகக் கற்பவருக்கு அதைப்போல உடனிருந்து திருத்தும் துணை வேறில்லை.

உட்பொதி நிரலர்

ஆசிரியர் ஐயா சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். மடக்கு எண்ணிகளைப் பொறுத்தவரை நானும் நடைமுறையில் இன்ட்டையே வைக்கிறேன். அதை என் மறுமொழியில் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டுத்தொகை, நேரம் ஆகியவற்றில் என் கருத்து மாறவில்லை.

கிணற்றுமேடு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு எச்சரிக்கைகளை முழு அளவுக்கு மாற்றி, நிரலைப் புதிதாகக் கம்பைல் செய்தேன். நான்கு இடங்களைச் சுட்டிக் காட்டியது. பிறகு ஒரு தாளை எடுத்து, என் நிரலில் உள்ள பதினோரு மாறிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக அது தாங்க வேண்டிய மிகப் பெரிய மதிப்பையும், சுழிக்குக் கீழே இறங்குமா என்பதையும் குறித்தேன். எட்டு மாறிகள் சரியாகவே இருந்தன. நீர்மட்டச் சராசரிக்கான கூட்டுத்தொகையையும் மில்லி வோல்ட் கணக்கையும் நீங்கள் சொன்னபடி மாற்றினேன்.

மூன்றாவதாக மாட்டியது, எச்சரிக்கையிலும் வராதது: மோட்டார் இதுவரை ஓடிய மொத்த நொடிகளைக் கூட்டிக்கொண்டே போகும் மாறி. அதை இன்ட் என்று அறிவித்திருந்தேன். 32767 நொடி என்பது 9 மணி 6 நிமிடம். கோடையில் இரண்டு நாள் தண்ணீர் பாய்ச்சினால் அதைத் தாண்டிவிடும். இப்போது யூஇன்ட்32_டி ஆக்கியிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்ததில், மோட்டார் நிற்காமல் ஓடினாலும் 136 ஆண்டுகளுக்குத் தாங்குகிறது.